இரட்டைக் கோபுரத்தடியில் ஒரு கார்

நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இரண்டு கோபுரங்களுக்கும் நடுவில் ஒரு பெரிய சதுக்கம். அதில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பழைய கார். சக்கரத்தில் வீல் லாக். கண்ணாடியில் அபராதச் சீட்டுகள். பூட்டைக் கழற்ற வேண்டிய ஊழியர் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வருவார். காரின் சொந்தக்காரர் ஹோமர் சிம்ப்சன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். பசிக்குத் தள்ளுவண்டியில் பெயர் தெரியாத ஏதோ ஒரு கபாப், தாகத்துக்கு அந்த வண்டியிலேயே நண்டுச் சாறு. விளைவு, அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டும். கழிப்பறை கோபுரத்தின் உச்சியில் இருக்கிறது. ஏறிப் போனால் பழுது, அடுத்த கோபுரத்துக்குப் போகவும் என்று அறிவிப்பு. இறங்கி, ஓடி, அடுத்ததில் ஏறுகிறார். மேலிருந்து எட்டிப் பார்த்தால், ஊழியர் வந்து, ஆளைக் காணோம் என்று இன்னொரு சீட்டை வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்.

1997 செப்டம்பர் 21 அன்று ஃபாக்ஸ் சேனலில் வந்த எபிசோட் இது. 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் ஒன்பதாவது சீசன் இதில்தான் தொடங்கியது. பெயர் 'தி சிட்டி ஆஃப் நியூயார்க் வெர்சஸ் ஹோமர் சிம்ப்சன்'. அன்று அந்தக் கோபுரங்கள் வெறும் இடைஞ்சல். காரை எடுக்கப் போகிறவனுக்கு எவ்வளவு தொல்லை கொடுக்க முடியுமோ அவ்வளவும் கொடுக்கும் இடம் என்பதற்காகவே எழுத்தாளர்கள் அதைப் பிடித்தார்கள்.

1989 டிசம்பர் 17-ல் தொடங்கிய இந்தத் தொடர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹோமரின் குடும்பத்தில் யாருக்கும் ஒரு வயதுகூட ஏறவில்லை. மகன் பார்ட்டுக்கு அன்றும் பத்து, இன்றும் பத்து. மகள் லிசாவுக்கு எட்டு. குட்டிப்பெண் மேகி இன்னும் ரப்பர் சூப்பானோடுதான் இருக்கிறாள். அவர்கள் வாழும் ஸ்பிரிங்ஃபீல்டு கற்பனை ஊர். அது மாறாவிட்டால் கேட்பாரில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோ எழுத்தாளர்கள் இவர்களை மூட்டை கட்டவைத்து நிஜமான ஓர் ஊருக்கு அனுப்புவார்கள். சிக்கல் அங்கேதான். குடும்பம் அப்படியே இருக்கிறது. போய் வந்த ஊர் மாறிவிடுகிறது. பழைய பயண எபிசோட்களை இன்று திரும்பப் போட்டால் கதையைவிட இந்த இடைவெளிதான் கண்ணில் படுகிறது.

நியூயார்க் எபிசோடிலேயே ஓர் 'அன்றும் இன்றும்' இருக்கிறது. ஹோமருக்கு அந்த ஊர் என்றாலே ஆகாது. இளவட்டமாக இருந்தபோது ஒருமுறை போனார். கேமரா போச்சு, பெட்டி போச்சு, ஏமாற்றாதவர்கள் பாக்கி இல்லை. கடைசியில் சாக்கடைக் குழிக்குள் விழுந்து, பாதாளத்தில் வாழும் நரமாமிச ஜீவன்களிடம் மாட்டினார். 1984-ல் வந்த 'சட்' என்ற பேய்ப்படத்திலிருந்து எடுத்த ஜீவன்கள் அவை. இந்த நினைவோட்டம் முழுக்க ஸ்காட் ஜாப்லினின் பழைய ராக்டைம் பியானோ ஒலிக்கும். 1973-ல் வந்த 'தி ஸ்டிங்' படத்தைப் பார்த்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். மோசடிக்காரர்களைப் பற்றிய படத்தின் இசையை மோசடிக்கு இரையானவனுக்குப் போட்டது நல்ல குறும்பு.

ஆனால் மனைவி மார்ஜும் பிள்ளைகளும் 1997-ல் போய் இறங்கும் நியூயார்க் வேறு. 1990-ஆம் ஆண்டில் மட்டும் 2,200-க்கு மேல் கொலைகள் நடந்த நகரத்தில் அந்த எண்ணிக்கை 1997-ல் 800-க்குக் கீழே இறங்கியிருந்தது. டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகே பாழடைந்து கிடந்த நியூ ஆம்ஸ்டர்டாம் தியேட்டரை டிஸ்னி புதுப்பித்துத் திறந்ததும் அதே 1997-ல்தான். குடும்பம் சுதந்திர தேவி சிலை, சைனாடவுன், சென்ட்ரல் பார்க் என்று குஷியாகச் சுற்ற, ஹோமர் மட்டும் தன் பழைய நியூயார்க்கிலேயே மாட்டிக்கொண்டு தவிக்கிறார். ஊர் மாறிவிட்டது, இவர் நினைவு மாறவில்லை என்பதே கதையின் அச்சாணி. கடைசியில் ஹோமர் வீல் லாக்கைச் சாலை உடைக்கும் இயந்திரத்தால் அடித்து நொறுக்குகிறார். அதில் பூட்டைவிடக் காருக்குத்தான் சேதம் அதிகம்.

துணுக்குத் தகவல் தேடுகிறவர்களுக்கு இந்த எபிசோட் ஒரு சுரங்கம். டஃப் பீர் விளம்பரத்துக்கு இடுப்பை ஆட்டிக்கொண்டு வரும் டஃப்மேன் முதலில் தலைகாட்டியது இதில்தான். பிராட்வேயில் அவர்கள் பார்க்கும் இசை நாடகம், போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் பெட்டி ஃபோர்டு மையத்தைப் பற்றியது. அதில் வரும் பாட்டுக்கு ஆல்ஃப் கிளாஸனும் கென் கீலரும் எம்மி விருது வாங்கினார்கள். அமெரிக்க அதிபரின் மனைவி ஒருவர் தன் பெயரில் 1982-ல் திறந்த மறுவாழ்வு மையத்தை வைத்து முழுநீளப் பாட்டும் ஆட்டமும் என்றால், அன்றைய துணிச்சல் அப்படி. பார்ட் 'மேட்' பத்திரிகை அலுவலகத்துக்குப் போகிறான். வரவேற்பறை சாதாரண ஆபீஸ் மாதிரி இருக்கிறதே என்று ஏமாந்து திரும்பும்போது உள்கதவு திறந்து, பத்திரிகையின் சின்னமான, பல் விழுந்த ஆல்ஃபிரட் நியூமன் தலையை நீட்டிக் கத்துகிறான். சில நொடிதான். பார்ட் சொர்க்கத்தைக் கண்ட மாதிரி நின்றுவிடுகிறான். 1952 முதல் அமெரிக்கப் பையன்களுக்குக் குசும்பு கற்றுக்கொடுத்த அந்தப் பத்திரிகையும் பிறகு நியூயார்க்கை விட்டுக் கலிபோர்னியாவுக்குப் போனது. 2019 முதல் பெரும்பாலும் பழைய சரக்கையே மறுபதிப்பாகப் போட்டு வருகிறது. இன்றைய பத்து வயதுக்காரனுக்கு அந்தக் காட்சியில் பார்ட் ஏன் சிலிர்க்கிறான் என்று விளக்க வேண்டியிருக்கும்.

இனி எவருக்கும் விளக்கத் தேவையில்லாதது அந்தச் சதுக்கம். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு எபிசோட் மறுஒளிபரப்பிலிருந்து எடுக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோதும் பல இடங்களில் வெட்டுப்பட்டே வந்தது. எதை வெட்டினார்கள் என்பது சுவாரஸ்யம். இரண்டு கோபுர ஜன்னல்களில் இருந்தபடி இரண்டு பேர் சண்டை போடுவார்கள். முட்டாள்களையெல்லாம் முதல் கோபுரத்தில் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள் என்று ஒருவன் திட்டுவான். எதிர் வீட்டு மாடியோடு சண்டை போடுகிற சாதாரண நகரத்து எரிச்சல், அவ்வளவுதான் அது. இன்று வாயில் வராது. கோபுரங்கள் நின்ற இடத்தில் இப்போது இரண்டு சதுரப் பள்ளங்களும் அவற்றில் விழும் தண்ணீரும்தான். பக்கத்தில் 2014-ல் திறந்த ஒற்றைக் கோபுரம் 1,776 அடி உயரம்.

இந்த எபிசோடைப் பற்றிப் பேசும்போது பலரும் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. 1993 பிப்ரவரி 26-ல் இதே உலக வர்த்தக மையத்தின் அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் வெடிகுண்டு வைத்த வேனை நிறுத்தினார்கள். ஆறு பேர் இறந்தார்கள். நாலரை ஆண்டு கழித்து அங்கே கேட்பாரற்று ஒரு கார் நிற்கிறது என்று கார்ட்டூன் காட்டுகிறது. அதை எழுதியவர்களுக்கோ பார்த்தவர்களுக்கோ அது நெருடவில்லை. அபராதச் சீட்டு மட்டும்தான் நகைச்சுவை. 2001 கண்ணில் குத்துகிற அளவுக்கு 1993 அன்று குத்தவில்லை.

துணுக்குகளும் இதற்குப் பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டன. எபிசோடில் லிசா கையில் ஒரு விளம்பரம் இருக்கும்: நியூயார்க் போக 9 டாலர் என்று பெரிய எழுத்து, பக்கத்தில் இரட்டைக் கோபுரங்களின் நிழலுரு. ஒன்பதையும் பதினொன்று போல நிற்கும் கோபுரங்களையும் சேர்த்துப் படித்து, 'பார், முன்பே சொல்லிவிட்டான்' என்று கிளம்பிய கூட்டம் இன்னும் அடங்கவில்லை. சிரிப்பு வரும்படி மலிவான ஒரு கட்டணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்று அன்றைய தலைமை எழுத்தாளர்களில் ஒருவரான பில் ஓக்லி விளக்கம் கொடுத்தார். நாஸ்ட்ரடாமஸ் பக்தர்களிடம் விளக்கம் எடுபடுமா? முன்பெல்லாம் பின்னணியில் ஒளிந்திருக்கும் ஓவியத்தையோ படத்தையோ கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன். இப்போது தீர்க்கதரிசனம் கண்டுபிடிக்கிறவனுக்குத்தான் மவுசு.

அந்தப் பழைய கெட்டிக்காரத்தனத்துக்குச் சரியான உதாரணம் 1990 ஏப்ரலில் வந்த 'தி க்ரேப்ஸ் ஆஃப் ராத்'. குடும்பத்தில் ஒருவன் வெளிநாடு போவதாக வந்த முதல் பெரிய கதை. மாணவர் பரிமாற்றம் என்ற பெயரில் பிரான்ஸுக்குப் போகும் பார்ட்டை இரண்டு போக்கிரித் திராட்சைத் தோட்டக்காரர்கள் அடிமையாக வைத்திருக்கிறார்கள். பெயர் சேஸார், உகொலின். 1986-ல் வந்த 'ழான் தெ ஃப்ளோரெட்' படத்தின் பேராசைக்கார மாமன் மருமகன் பெயர்கள் அவை. பார்ட்டை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிள் கிராமத்துக்குள் போகும் சில நொடிகளில் மோனேயின் அல்லிக்குளம், வான்கோவின் காக்கை பறக்கும் கோதுமை வயல், ரூசோவின் காடு, மானேயின் புல்வெளி விருந்து என்று ஓவியங்களுக்குள்ளேயே வண்டி ஓடும். மதுவில் குளிர்காப்புத் திரவத்தைக் கலக்கிறார்கள் என்பது 1985-ல் ஆஸ்திரிய மதுவில் நிஜமாகவே நடந்த கலப்படம். பார்ட்டுக்கு மாற்றாக ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வரும் பையன் அல்பேனிய உளவாளி. அவன் பெயரில் ஹோஜா என்று வரும், அந்நாட்டை நாற்பதாண்டு ஆண்ட என்வர் ஹோஜாவை நினைத்து. அரைமணி நேரக் கார்ட்டூனில் இத்தனை. வீடியோ கேசட்டில் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தவனுக்கே இவை அகப்பட்டன. நம் ஊரில் கேபிள் வந்த பிறகு ஸ்டார் வேர்ல்டில் இதைப் பார்த்தவர்களுக்கு ஹோமர் அடிபடுவது மட்டும் புரிந்தது என்றால் அவர்கள் மேல் தப்பில்லை.

அன்றைய பயண எபிசோடுக்கு ஒரு மறைமுக ஒப்பந்தம் இருந்தது. பார்ப்பவன் அமெரிக்கன், கேலிக்கு ஆளாகிறவன் வேறெங்கோ இருக்கிறான். 1995 பிப்ரவரியில் 'பார்ட் வெர்சஸ் ஆஸ்திரேலியா' வந்தது. கழிப்பறைத் தண்ணீர் அங்கே எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கேட்க, காசு எதிர்முனைக்காரர் தலையில் விழும்படி பார்ட் போன் போடுகிறான். அது இரு நாட்டுத் தகராறாகி, அவனுக்கு உதை தண்டனை விதிக்கிறார்கள். சிங்கப்பூரில் 1994-ல் அமெரிக்க இளைஞன் மைக்கேல் ஃபேக்குப் பிரம்படி கொடுத்ததும், அதற்கு அதிபர் கிளிண்டனே குறுக்கே வந்ததும் அன்று எல்லோருக்கும் பசுமையாக நினைவிருந்தது. பார்ட் விட்டுவிட்டு வரும் தவளை நாட்டையே தின்று தீர்க்கிறது. குயின்ஸ்லாந்தில் 1935-ல் கரும்பு வண்டைத் தின்னக் கொண்டுவிட்ட தேரைகள் பல்கிப் பெருகிய கதை அது. தூதரகக் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் தப்புவது 1975 சைகோன். ஆஸ்திரேலியர்கள் சிலருக்குக் கோபம் வந்தது, கண்டனக் கடிதங்கள் போயின. இருபது ஆண்டு போனதும் பாருங்கள்: 2015-ல் தங்கள் நாணயத்தின் பெயரை, அந்த எபிசோடில் கேலியாக வந்த 'டாலரிடூ' என்றே மாற்ற வேண்டும் என்று ஆஸ்திரேலியர்களே கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். ஆயிரக்கணக்கில் கையெழுத்து விழுந்தது.

ரியோ டி ஜெனிரோ அவ்வளவு சுலபமாகச் சிரிக்கவில்லை. 2002 மார்ச் 31-ல் வந்த 'பிளேம் இட் ஆன் லிசா'வில் தெருவெங்கும் திருட்டு, ஆள்கடத்தல், குரங்கு, எலி. சுற்றுலாப் பயணிகளை இழுக்க 1.8 கோடி டாலர் செலவழித்திருந்த ரியோ சுற்றுலாத் துறை, ஃபாக்ஸ் மீது வழக்குப் போடுவோம் என்றது. நாட்டின் உண்மை திரிக்கப்பட்டிருக்கிறது என்று பிரேசில் அதிபர் ஃபெர்னாண்டோ என்ரிக் கார்டோசோவே சொன்னார். தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். ப்ரூக்ஸ் மன்னிப்புக் கேட்டார். சமாதானம் ஆகாவிட்டால் ஹோமர் சிம்ப்சன் பிரேசில் அதிபரோடு குத்துச்சண்டைக்குத் தயார் என்று கூடவே சேர்த்தார். மன்னிப்பிலும் நக்கல். குரங்கையும் எலியையும் விடுங்கள். பிரேசிலையும் ஸ்பானிய மொழி பேசும் அண்டை நாடுகளையும் ஒரே குட்டையில் போட்டதுதான் என் பார்வையில் பெரிய குற்றம். அது கேலிகூட இல்லை, சோம்பல். 2014-ல் உலகக்கோப்பைக் கால்பந்துக்கு ஹோமரை நடுவராக அதே நாட்டுக்கு அனுப்பினார்கள். இம்முறை அடி ஊருக்கு விழவில்லை, கால்பந்து நிர்வாகத்தின் ஊழலுக்கு விழுந்தது. அடுத்த ஆண்டே ஃபிஃபா அதிகாரிகள் ஊழல் வழக்கில் கைதானார்கள். அதற்கும் தீர்க்கதரிசனப் பட்டம் கிடைத்தது என்று சொல்ல வேண்டுமா?

ஒப்பந்தம் முறிந்தது எப்போது என்று கேட்டால் 2009 மார்ச் 17 என்பேன். ஹோமரும் அப்பாவும் அயர்லாந்து போகும் எபிசோட், புனித பேட்ரிக் நாளில் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் முதலில் ஒளிபரப்பாகி, சில நாள் கழித்தே அமெரிக்காவுக்கு வந்தது. தொடரில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. கதையும் மாற்றத்தைப் பற்றியதுதான். ஹோமரின் அப்பா தன் இளமைக்கால மதுக்கடையைத் தேடிப் போகிறார். அயர்லாந்துக்குப் பணம் வந்துவிட்டது, கடையில் ஈயாடுகிறது. 2004-லேயே பொது இடத்தில் புகைக்கத் தடை வந்துவிட்ட நாட்டில், திருட்டுத்தனமாகப் புகைக்க இடம் கொடுத்துத்தான் கடையை ஓட்ட வேண்டியிருக்கிறது. கேலிக்கு ஆளாகிறவன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்ததும் எழுத்தில் ஒரு கவனம் வந்துவிடுகிறது.

நம் பக்கத்துக் கதை 2006 ஏப்ரல் 9. தலைப்பு 'கிஸ் கிஸ், பேங் பெங்களூர்'. 2005-ல் வந்த 'கிஸ் கிஸ் பேங் பேங்' படத்தின் மேல் ஏறிய சிலேடை. ஹோமர் வேலை பார்க்கும் அணுமின் நிலையத்தையே பெங்களூருக்கு மாற்றி, ஹோமரை ஆள் பழக்க அனுப்புகிறார் முதலாளி பர்ன்ஸ். அங்கே அவர் தன்னைக் கடவுளாக்கிக்கொள்வது 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் சாயல். எழுதியவர்கள் ஹோமருக்குக் குரல் கொடுக்கும் டான் காஸ்டெலனெட்டாவும் அவர் மனைவி டெப் லகூஸ்டாவும். அதில் வரும் இந்தியா பாதி கால் சென்டர், மீதி பழைய ஹாலிவுட் கோயில். ஆனால் ஓர் இடம் இன்றும் வலுவாக நிற்கிறது. ஹோமர் இந்தியத் தொழிலாளர்களுக்குக் காபி இடைவேளை, முன்கூட்டிய ஓய்வு என்று அமெரிக்கத் தொழிலாளியின் சலுகைகளையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிடுகிறார். உடனே பர்ன்ஸுக்கு அங்கே கடை நடத்தும் ஆசை போய்விடுகிறது. மலிவான கூலி மலிவாக இருக்கும்வரைதான் மதிப்பு என்பதை இருபது நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். 2014 நவம்பர் 1 முதல் அந்த ஊர் அதிகாரபூர்வமாகப் பெங்களூரு. தலைப்பின் ஓசை நயம் போச்சு. அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றுக்கு இன்று அங்கே சொந்த ஆய்வு அலுவலகங்களே இருக்கின்றன.

அந்த எபிசோடில் பெங்களூர் உறவினர் வீட்டுக்கு வழிகாட்டும் மளிகைக்கடை அப்பு 1990 முதல் தொடரில் இருப்பவர். பெயர், சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் தொடங்கும் அப்பு படங்களிலிருந்து. மரியாதையான பெயர்தான், குரலும் உச்சரிப்பும் வேறு சங்கதி. ஹேங்க் அசேரியா என்ற அமெரிக்கர் இழுத்துப் பேசிய அந்த உச்சரிப்பைச் சொல்லியே பள்ளியில் தங்களைச் சீண்டினார்கள் என்று அமெரிக்காவில் வளர்ந்த இந்திய வம்சாவளியினர் சொல்லிவந்தார்கள். 2017-ல் ஹரி கொண்டபோலு அதை ஆவணப்படமாக எடுத்தார். ஏப்ரல் 2018 எபிசோடில் தொடர் கொடுத்த பதில் அலட்சியமானது. தொடரை உருவாக்கிய மேட் க்ரேனிங்கும் புண்பட்டதாக நடிப்பது மக்களுக்குப் பிடிக்கிறது என்கிற ரீதியில்தான் பேசினார். நடித்தவருக்கு இருந்த புத்தி படைத்தவருக்கு இல்லை: அசேரியா 2020-ல் அந்தக் குரலை விட்டார், மறு ஆண்டு பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். அப்பு இப்போது தொடரில் பேசுவதில்லை.

2019 மார்ச்சில் ஃபாக்ஸின் பெரும்பகுதியோடு சிம்ப்சன்ஸும் டிஸ்னி கைக்குப் போனது. அவர்களுடைய டிஸ்னி ப்ளஸ் இணையச் சேவையில் பழைய சதுர வடிவப் படத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் நறுக்கிப் போட்டார்கள். டஃப் ஆலையில் மூன்று வகை பீருக்கும் ஒரே குழாயிலிருந்து சரக்கு வருகிறது என்பது ஒரு பழைய நகைச்சுவை. நறுக்கியதில் குழாயே காணாமல் போனது. ரசிகர்கள் சத்தம் போட, 2020 மே மாதம் முழுப் படத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

திரும்பக் கிடைக்காததும் உண்டு. 2005 மார்ச்சில் வந்த 'கூ கூ காய் பான்' எபிசோடில் குடும்பம் பெய்ஜிங் போகிறது. தியானன்மென் சதுக்கத்தில் ஒரு பலகை: 1989-ல் இந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று. 2021 நவம்பரில் டிஸ்னி ப்ளஸ் ஹாங்காங்கில் தொடங்கியபோது பதினாறாவது சீசன் பட்டியலில் 11-ஆம் எபிசோடுக்கு அடுத்து 13 இருந்தது. 12 இல்லை. அதுதான் இது. முன்பு ஒரு நகைச்சுவை விட்டுப்போனால் பார்ப்பவன் கவனிக்கவில்லை என்று அர்த்தம்; இப்போது கவனிக்க அங்கே ஒன்றும் வைக்கப்படுவதே இல்லை. நியூயார்க் எபிசோட், ஜன்னல் சண்டையோடு வெட்டில்லாமல், 2006 டிசம்பரில் வந்த ஒன்பதாம் சீசன் டிவிடியில் இருக்கிறது. அலமாரியில் அந்த மாதிரிப் பெட்டி எதுவும் இருந்தால், பிளேயர் இல்லையே என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.